ஆற்றின்மேல் வளைந்த மரம்

கோவில்பட்டியைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் அந்தக் கதை தெரிந்த ஒரு கிழவி இருப்பாள். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி அதைத் தெலுங்கும் தமிழும் கலந்து சொல்வாள். பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டே சொல்வதால் உரல் சத்தமும் கதையோடு கலந்துதான் என் காதில் ஏறியிருக்கிறது.

"ஒரு துலுக்க ராசா. அவன் கண்ணுல நம்ம வீட்டுப் பொண்ணு பட்டுட்டா. பொண்ணு கேட்டு ஆள் அனுப்பிட்டான். குடுக்க மனசில்ல, மறுக்கத் தெம்பில்ல. ராத்திரியோட ராத்திரியா கெளம்பிட்டாக. பின்னால குதிரைப்படை. முன்னால ஆறு, கரை பெரண்டு ஓடுது. அம்மாளை நெனைச்சு அழுதாக. அக்கரையில நின்ன மரம் அப்படியே வளைஞ்சு இக்கரையில தலையை வச்சுது. ஏறித் தாண்டிட்டாக. கடைசி ஆளு எறங்கினதும் மரம் நிமிந்துக்கிட்டுது ய்யா."

தெலுங்கு பேசும் ராஜகம்பளத்தார் சொல்லும் வடிவில் அது புங்கமரம். இரு கரையிலும் நின்ற புங்கமரங்கள் குனிந்து பாலமாயின என்பார்கள். அந்த நன்றிக்காகப் புங்கமரத்தை இன்றும் மதிக்கிறார்கள். கம்மவார் வீடுகளில் கேட்ட வடிவத்தை இடைசெவல்காரரான கி.ராஜநாராயணன் 1976ல் 'கோபல்ல கிராமம்' நாவலுக்குள் கொண்டுவந்தார். அதன்பிறகு இது தமிழ்நாடு முழுவதற்குமான கதையாகிவிட்டது.

கதையில் எல்லாம் இருக்கிறது. அந்த ராஜாவுக்கு மட்டும் பெயர் இல்லை, ஊர் இல்லை, ஆண்டு இல்லை. பாட்டியிடம் கேட்டால், "வடக்க" என்று கையைக் காட்டுவாள். வடக்கு என்றால் டெல்லியா? வாரங்கலா? நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் மதுரையா?

மதுரையில் ஒரு சுல்தானகம் இருந்தது. சுமார் 43 ஆண்டுகள், எட்டு சுல்தான்கள். பள்ளிப் பாடப்புத்தகம் அதை ஒரு பத்தியில் கடந்துவிடும். ஆனால் எங்கள் கரிசல் மண்ணில் தெலுங்கு பேசும் ஊர்கள் எப்படி உண்டாயின என்று பின்னோக்கி நடந்தால், அந்த ஒரு பத்தியின் வாசலில்தான் போய் நிற்கிறோம். அது ஒரு கலகத்தில் பிறந்து கலகங்களிலேயே வாழ்ந்த அரசு.

ஆறு மாதப் பயணத் தொலைவு

1310ல் பாண்டிய மன்னன் மாறவர்மன் குலசேகரன் கொல்லப்பட்டான். கொன்றது மகன் சுந்தர பாண்டியனே என்று பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் எழுதுகிறார். தம்பி வீரபாண்டியனும் அவனும் நாட்டைப் பங்கு போட்டு அடித்துக்கொண்டிருந்தபோது, 1311ல் அலாவுதீன் கில்ஜியின் தளபதி மாலிக் காஃபூர் வந்தார். யானை, குதிரை, பொன் என்று அள்ளிக்கொண்டு திரும்பிவிட்டார், இங்கே தங்கவில்லை. தங்குவதற்காக வந்த படை 1323ல் வந்தது. அதை நடத்தியவர் உலுக் கான். இரண்டே ஆண்டுகளில் முகமது பின் துக்ளக் என்ற பெயரில் டெல்லி அரியணை ஏறப்போகிறவர். வாரங்கல் வீழ்ந்தது, அதையடுத்து மதுரையும். பாண்டிய நாடு 'மஃபர்' என்ற பெயரில் டெல்லியின் ஒரு மாகாணமாயிற்று.

ஒரு மாகாணத்தைப் பிடிப்பது வேறு, பிடித்து வைத்திருப்பது வேறு. டெல்லியிலிருந்து மஃபருக்கு ஆறு மாதப் பயணம் என்று மொராக்கோ பயணி இப்னு பதூதா குறித்திருக்கிறார். இன்று ஸ்ரீநகரில் புறப்படும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை டெல்லி, ஹைதராபாத், மதுரை வழியாக வந்து கோவில்பட்டியைத் தொட்டுக்கொண்டு கன்னியாகுமரிக்குப் போகிறது. இரவில் அந்தச் சாலை ஓரம் நின்று ஹரியானா நம்பர் போட்ட லாரிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆறு மாதம்தான் நினைவுக்கு வரும். ஒரு கடிதம் போக ஆறு மாதம், பதில் வர ஆறு மாதம். அப்படியென்றால் மதுரையில் உட்கார்ந்திருக்கும் ஆளுநர் யாருக்குப் பயப்பட வேண்டும்?

அந்த ஆளுநர் ஜலாலுதீன் ஆசன் கான் பயப்படவில்லை. டெல்லியில் துக்ளக்கின் பெயர் கெட்டுப்போயிருந்த நேரம். 1327ல் தலைநகரைத் தேவகிரிக்கு மாற்றி, அதைத் தௌலதாபாத் ஆக்கியது. செப்புக் காசை வெள்ளிக் காசுக்குச் சமம் என்று அறிவித்தது. கங்கை யமுனைச் சமவெளியில் வரியை ஏற்றியது, அதே சமயத்தில் பஞ்சம் வந்தது. 1335 வாக்கில் ஆசன் கான் டெல்லியை உதறினார். தன் பெயரில் காசு அடித்தார். அந்தக் காலத்தில் காசு அடிப்பதும், வெள்ளிக்கிழமைத் தொழுகையில் தன் பெயரைச் சொல்ல வைப்பதும்தான் சுதந்திரப் பிரகடனம். மதுரையில் இரண்டும் நடந்தன.

இந்த ஆசன் கானின் ஒரு மகளை டெல்லியில் மணந்திருந்தவர்தான் இப்னு பதூதா. நமக்குக் கிடைக்கும் சாட்சியம் அந்தக் குடும்பத்து மருமகனுடையது. அது நம் நல்லகாலம்.

வாரங்கலில் திரும்பிய படை

கலகச் செய்தி கேட்டதும் துக்ளக் தானே படையோடு புறப்பட்டார். டெல்லியில் இருந்த ஆசன் கானின் மகன் இப்ராஹிம் சுல்தானின் அணுக்க ஊழியர். பின்னாளில் அவர் உடல் இரண்டாக வெட்டப்பட்டது என்று பதூதா எழுதுகிறார். தகப்பன் செய்த கலகத்தின் நிழல் மகன் மேல் விழாமல் இருக்குமா?

படை வாரங்கல் வரைதான் வந்தது. அங்கே கொள்ளைநோய் புகுந்தது. வீரர்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தார்கள். சுல்தானே நோயில் விழுந்து எழுந்தார். மதுரையைப் பார்க்காமலே படை திரும்பியது. திரும்பும் வழியில், மகாராஷ்டிரத்தின் பீட் அருகே சுல்தானுக்கு ஒரு பல் விழுந்ததாகவும், அதைச் சடங்கோடு புதைத்து மேலே ஒரு கல்லறை எழுப்பியதாகவும் பாரசீக வரலாறு சொல்கிறது.

அந்தப் பல்லைவிடப் பெரிய இழப்பு வேறு. டெல்லியின் படை தெற்கே வர முடியாது என்பதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். 1336 வாக்கில் வாரங்கலில் காப்பய நாயக்கன் டெல்லி ஆளுநரை விரட்டினான். அதே ஆண்டில் துங்கபத்திரைக் கரையில் ஹரிஹரனும் புக்கனும் விஜயநகரத்துக்கு வித்திட்டார்கள் என்பது மரபு. 1338ல் வங்காளம் பிரிந்தது. 1347ல் பாமினி சுல்தானகம் பிறந்தது. துக்ளக்கின் பேரரசு இப்படித்தான் கைநழுவியது. முதலில் நழுவியது மதுரை. அங்கே ஒரு முஸ்லிம் ஆளுநர் ஒரு முஸ்லிம் சுல்தானுக்கு எதிராகச் செய்த கலகம்தான், பிறகு அந்த ஆளுநரின் வாரிசுகளையே அழித்த விஜயநகரம் தலைதூக்க வழிவிட்டது. கரிசலின் கதையும் இந்த இடத்தில்தான் மெல்லத் தொடங்குகிறது.

ஓர் அம்பு, நாற்பது நாள், ஒரு கொள்ளைநோய்

சுல்தானாகி ஆசன் ஷா ஆன ஆசன் கான் சுமார் ஐந்தாண்டுகள் ஆண்டார். தன் பிரபுக்களில் ஒருவராலேயே கொல்லப்பட்டார். அடுத்து வந்த அலாவுதீன் உதௌஜி ஒரு போரில் வென்றார். வென்ற களைப்பில் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடித்தபோது, எங்கிருந்தோ வந்த ஓர் அம்பு தைத்துச் செத்தார். அவர் மருமகன் குத்புதீன் நாற்பது நாள் ஆண்டார், கொன்றுவிட்டார்கள். நான்காவதாக வந்தவர் கியாசுதீன் தாமகானி. டெல்லியில் சாதாரணக் குதிரைவீரராக இருந்தவர். ஆசன் ஷாவின் இன்னொரு மகளைக் கட்டியவர். அந்த வகையில் பதூதாவுக்குச் சகலை.

ஏன் இப்படி? இந்த அரசுக்கு மண்ணில் வேர் இல்லை. கம்மாய் வெட்டவில்லை, ஏரி கட்டவில்லை. வேளாளரோடும் ஊர்ச்சபையோடும் உறவில்லை. வடக்கிலிருந்து வந்த சில ஆயிரம் குதிரைவீரர்களின் விசுவாசம்தான் மொத்த முதலீடு. அந்த விசுவாசத்தைச் சம்பளமும் கொள்ளையும்தான் காப்பாற்ற வேண்டும். கொள்ளை குறைந்தால் சுல்தான் மாறுவார். ராணுவமே ஆட்சியாக இருக்கும் எந்த நாட்டிலும் இன்றும் இதைத்தான் பார்க்கிறோம்.

கியாசுதீன் காலத்தில்தான் கண்ணனூர்ப் போர். இன்றைய சமயபுரத்தை ஒட்டிய இடம். ஹொய்சள மன்னன் மூன்றாம் வீரவல்லாளனுக்கு அப்போது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. திருவண்ணாமலையைத் தளமாகக் கொண்டு சுல்தானகத்தோடு ஓயாமல் மோதிக்கொண்டிருந்த கிழவர் அவர். கண்ணனூர்க் கோட்டையை முற்றுகையிட்டார். உள்ளே பதினான்கு நாளைக்குத்தான் உணவு மிச்சம். சரணடைந்தால் உயிர்ப்பிச்சை என்றார் வல்லாளர். எங்கள் சுல்தானைக் கேட்க வேண்டும் என்றார்கள் உள்ளிருந்தவர்கள். வல்லாளர் அவகாசம் கொடுத்தார்.

அந்த அவகாசம் அவர் உயிரைக் குடித்தது. கடிதம் மதுரைப் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை படிக்கப்பட்டது. கூட்டம் அழுதது. சாகத் துணிந்ததற்கு அடையாளமாகத் தலைப்பாகையை அவிழ்த்துக் குதிரையின் கழுத்தில் கட்டிக்கொண்டு ஒரு படை கிளம்பியது. உச்சிவெயிலில், வல்லாளரின் குதிரைகள் மேய்ச்சலுக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பாய்ந்தார்கள். சிறைப்பட்ட கிழவரிடம் விடுதலை தருவதாகச் சொல்லி யானை, குதிரை, செல்வம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார் கியாசுதீன். வாங்கிய பிறகு கொன்றார். தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டார். அது 1342. சில காலம் கழித்து மதுரைக்கு வந்த பதூதா, தொங்கியதைத் தானே பார்த்ததாக எழுதியிருக்கிறார்.

அதைவிடக் கொடிய ஒன்றையும் அவர் பார்த்தார். காட்டில் பிடிபட்ட குடிமக்களைக் கியாசுதீன் கழுவேற்றினார். பெண்களையும் குழந்தைகளையும் விடவில்லை. இஸ்லாமியச் சட்ட அறிஞரான பதூதா, சொந்தச் சகலை என்றும் பார்க்காமல், இது அருவருப்பான செயல், வேறு எந்த அரசனும் இப்படிச் செய்து தான் அறிந்ததில்லை, இதனால்தான் இறைவன் அவன் சாவை விரைவாக்கினான் என்று பதிவு செய்தார். இந்தப் பதிவை நான் மிகவும் மதிக்கிறேன். அந்தக் கொடுமையை உலகுக்குச் சொன்ன சாட்சி ஒரு முஸ்லிம். அதைப் பாவம் என்று சொல்ல அவர் எடுத்த அளவுகோல் அவருடைய மார்க்கம்.

பிறகு மதுரைக்குள் கொள்ளைநோய் வந்தது. விழுந்தவர்கள் இரண்டு மூன்று நாளில் செத்தார்கள். நலமாக இருக்கிறாள் என்று பார்த்து வாங்கிய அடிமைப்பெண் மறுநாளே இறந்ததைப் பதூதா சொல்கிறார். கியாசுதீனின் தாயும் மகனும் போனார்கள், அவரும் போனார். டெல்லியில் ஊழியனாக இருந்து, பக்கிரி வேடத்தில் தப்பி வந்த அண்ணன் மகன் நாசிருதீன் ஐந்தாவது சுல்தான். 1344க்குப் பின் சுமார் 12 ஆண்டுகளுக்கு மதுரைச் சுல்தான்களின் காசு எதுவும் கிடைப்பதில்லை. அடுத்து ஆதில் ஷா, பக்ருதீன் முபாரக் ஷா, கடைசியாக அலாவுதீன் சிக்கந்தர் ஷா. சிக்கந்தரின் கடைசிக் காசு 1377-78ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

யார் பக்கத்தில் யார்?

வீரவல்லாளனின் படையில் சுமார் 20,000 முஸ்லிம்கள் இருந்தார்கள் என்கிறார் பதூதா. அவர்களைப் பற்றி அவர் நல்லவிதமாக எழுதவில்லை; ஓடிவந்த அடிமைகள், போக்கிரிகள் என்கிறார். ஆனாலும் மதுரைச் சுல்தானை எதிர்த்து அவர்கள் நின்றார்கள். அதற்கு முன் 1311ல் பாண்டியன் படையிலும் முஸ்லிம் வீரர்கள் இருந்ததை டெல்லிக் கவிஞர் அமீர் குஸ்ரோ எழுதியிருக்கிறார். பாண்டியனின் அமைச்சராக இருந்த தகியுதீன் ஓர் அரபுக்காரர். ஆண்டுக்கு 10,000 குதிரைகள் பாரசீக வளைகுடாவிலிருந்து பாண்டிய நாட்டுத் துறைகளில் இறங்கின, ஒன்றின் விலை 220 செம்பொன் தினார் என்று வசாஃப் கணக்குத் தருகிறார். 1290களில் மார்க்கோ போலோ பார்த்து வியந்த காயல், கோவில்பட்டியிலிருந்து ஒரு பகல் பஸ் பயணத்துக்குள் இருக்கும் கடற்கரைதான். அங்கே வணிகம் செய்து, தமிழ் பேசி, தமிழர்களாகவே வாழ்ந்த முஸ்லிம்கள் டெல்லிப் படையோடு வந்தவர்கள் அல்லர். மாலிக் காஃபூர் பிறக்கும் முன்பே இங்கிருந்தவர்கள்.

குதிரையோடு வந்த சொல் 'ராவுத்தர்'. குதிரைவீரன் என்பது பொருள். சுல்தானகம் மறைந்த அடுத்த நூற்றாண்டில் வந்த அருணகிரிநாதர், மயில்மேல் வரும் முருகனையே ராவுத்தன் என்று அழைத்தார். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் கழுகுமலைக் குடைவரையில் இருக்கும் முருகனுக்கும் அவருடைய திருப்புகழ் உண்டு. அந்தப் போர்களின் காயம் ஆறாத தலைமுறைகளுக்கு, குதிரையேறியவன் பகைவனாக மட்டும் தெரிந்திருந்தால் அந்தச் சொல் முருகனின் தோளில் ஏறியிருக்குமா?

இரண்டு பெண்கள்

புக்கனின் மகன் குமார கம்பணன் 1360களில் தெற்கே வந்தான். முதலில் சம்புவராயர் என்ற அரசமரபு வீழ்ந்தது, பிறகு, 1371 வாக்கில் மதுரை. ஆனாலும் சிக்கந்தரின் காசு இன்னும் சில ஆண்டுகள் வந்துகொண்டிருந்தது. கூடவே இருந்த அவன் மனைவி கங்காதேவி அந்தப் படையெடுப்பை 'மதுரா விஜயம்' என்ற சமஸ்கிருதக் காவியமாக்கினாள். திருவனந்தபுரத்தில் ஒரு சுவடியாகக் கிடந்த அது 1916ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. சிவகங்கைப் பக்கத்துத் திருக்களக்குடிக் கல்வெட்டு இன்னும் எளிமையாகப் பேசுகிறது: துலுக்கர் காலம் ஒன்று இருந்தது, கம்பணர் வந்து ஒழுங்கை நிலைநாட்டி, நாடெங்கும் நாயக்கன்மாரை அமர்த்தினார் என்பது அதன் செய்தி. அந்த 'நாயக்கன்மார்' என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1323ல் டெல்லிப் படைக்குத் தப்பி ஸ்ரீரங்கத்திலிருந்து வெளியேறிய உற்சவமூர்த்தி நம்பெருமாள் 1371ல் திரும்பினார். 48 ஆண்டுகள் தெய்வமும் அகதி. வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் முதுமையில் அந்த விக்கிரகத்தோடு நடந்து, யானைமலைக்குப் பின்புறமுள்ள ஜோதிஷ்குடியில் உயிர்விட்டார். நம் தாமிரபரணிக் கரையின் ஆழ்வார்திருநகரியிலிருந்து நம்மாழ்வாரின் திருவுருவமும் மலைநாட்டுப் பக்கம் போய்த் திரும்பியது என்பது வைணவ மரபு.

அந்த ஸ்ரீரங்கத்தில்தான் துலுக்க நாச்சியார் இருக்கிறாள். டெல்லி சுல்தானின் மகள். கொள்ளையில் போன பெருமாளைத் தன் விளையாட்டுப் பொம்மையாக்கி, அவர்மேல் காதலாகி, அவர் திரும்பியபோது தேடிவந்து உயிர்விட்டவள். கோயிலுக்குள் அவளுக்குச் சந்நிதி உண்டு. ரொட்டியும் வெண்ணெயும் நைவேத்தியம்.

இந்தக் கதையையும் எங்கள் பாட்டி சொன்ன கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கரிசல் கதையில் துலுக்க ராஜா நம் பெண்ணை விரும்புகிறான், பெண் ஓடுகிறாள். ஸ்ரீரங்கத்துக் கதையில் துலுக்க ராஜாவின் பெண் நம் தெய்வத்தை விரும்புகிறாள், ஓடி வருகிறாள். ஒன்றில் அச்சம், மற்றதில் ஏக்கம். ஒரே காலத்தின் வலியை மக்கள் இரண்டு பெண்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். ஒருத்தியை ஆற்றுக்கு அக்கரையில் காப்பாற்றி வைத்தார்கள், மற்றவளைக் கருவறைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மேடையேறுபவர்கள் நம் பாட்டிகளுக்கு அநியாயம் செய்கிறார்கள். பெயரில்லாத அந்த ராஜாவின் பாவத்தை எட்டையபுரம் ரோட்டில் கடை வைத்திருக்கும் பாய் சுமக்க வேண்டியதில்லை.

தப்பி வந்தவர்களா, கூட வந்தவர்களா?

சரி, அந்த ராஜா யார்? தெலுங்கு மக்கள் இங்கே திரளாகக் குடியேறியது பெரும்பாலும் விஜயநகர, நாயக்கர் காலத்தில்தான் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். அப்போது மதுரையில் சுல்தான் இல்லை. விசுவநாத நாயக்கர் மதுரையில் அமர்ந்தது 16ஆம் நூற்றாண்டில். 72 பாளையங்கள் அப்போது வந்தவை என்பது மரபு. எட்டையபுரம் ஊர் உண்டானது 1567ல்; அந்த அரண்மனையின் வம்சக்கதை சந்திரகிரியில் தொடங்குகிறது. அப்படிப் பார்த்தால், பெரும்பாலோர் சுல்தானிடமிருந்து தப்பி ஓடி வந்தவர்கள் அல்லர். சுல்தானை வென்ற படைகள் திறந்த வழியில், திருக்களக்குடிக் கல்வெட்டு சொல்லும் அந்த நாயக்கன்மாரின் பின்னால், தலைமுறை தலைமுறையாக வந்து இறங்கியவர்கள்.

அதனால் பாட்டி பொய் சொன்னாள் என்று ஆகாது. 1323ல் வாரங்கல் எரிந்தது உண்மை. குடும்பங்கள் சிதறியது உண்மை. இருநூறு ஆண்டுக் கால நடையை ஒரே இரவாகச் சுருக்கினால் அது ஆறும் மரமுமாகத்தான் இருக்கும். குதிரைப்படைக்காரன் எழுதிய வரலாற்றில் ஓடியவர்களின் நெஞ்சடைப்பு இல்லை. அதை வைத்திருப்பது இந்தக் கதை.

கரிசலைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. தாமிரபரணிக் கரையின் நஞ்சை ஏற்கெனவே பிறர் கையில் இருந்தது. ஆற்றுத் தண்ணீர் எட்டாத, உடைமரம் அடர்ந்த இந்தக் கருப்பு மண் யாரும் பெரிதாக விரும்பாமல் கிடந்தது. தக்காணத்திலிருந்து வந்தவர்களுக்கு அது பழகிய மண். அவர்கள் மொழியில் ரேகடி. ஈரத்தை அடிவயிற்றில் பிடித்துவைக்கும், பருத்திக்கு உகந்தது, கோடையில் கால் நுழையும் அளவு வெடிக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். திருநெல்வேலிச் சீமையின் வேளாண்மை வரலாற்றை எழுதிய டேவிட் லட்டனும் இந்த மண்ணறிவைத்தான் சுட்டிக்காட்டுகிறார். ஆசன் கான் டெல்லிக்குக் கட்டுப்பட்டே இருந்திருந்தால் இடைசெவலில் தெலுங்கு ஒலித்திருக்குமா, பாஞ்சாலங்குறிச்சியில் ஜக்கம்மாவுக்கு விளக்கு எரிந்திருக்குமா என்று யோசிப்பேன். அதே மண்ணில் 1799ல் இன்னொரு கலகக்காரன், கட்டபொம்மன், கயத்தாற்றில் தூக்கில் தொங்கினான்.

சின்ன வயதில் பாட்டியிடம் நான் கேட்டது ராஜாவின் பெயரை அல்ல. "மரத்தைத் தாண்டினப்புறம் என்ன பண்ணாங்க?" என்றுதான் கேட்டேன். உரலை நிறுத்தாமல் சொன்னாள்: "என்னத்தப் பண்ண? உடங்காட்டைத் தீ வச்சு அழிச்சாக. வேரைப் பிடுங்கினாக. உழுதாக. மழைக்குக் காத்துக் கெடந்தாக."

இந்த வருடமும் புரட்டாசி கடைசியில் ஊருக்குப் போயிருந்தேன். உளுந்தும் பாசியும் விதைப்புக்குத் தயாராக மூட்டையில் இருந்தன. நிலம் உழுது கிடந்தது. எல்லோரும் குருமலைப் பக்கம் மேகம் கட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.